வடசென்னையில் நாட்டு விதை எடுப்பது எப்படி: தாய் விதை முதல் விதைப் பொட்டலம் வரை

இந்த வழிகாட்டி மாதவரம், மணலி, திருவொற்றியூர், வியாசர்பாடி போன்ற இடங்களில் மாடியில் காய்கறி வளர்ப்பவர்களுக்கும், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. இரசாயனம் இல்லாமல் பயிர் செய்யத் தெரிந்திருந்தும், அதே பயிரிலிருந்து நம்பி விதைக்கத்தக்க விதையை எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். காய் பறித்து முடித்த பிறகு செடியில் மிஞ்சியதை விதைக்கு விடுவதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. விதைக்கான பயிரை விதைப்பதற்கு முன்பே தனியாகத் திட்டமிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. எந்தப் பயிரில் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள்

முதல் ஆண்டில் தக்காளி, காராமணி, அவரை, நெல் ஆகியவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறுபவை என்பதால், பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு குறைவாகவே நேரும்.

கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவை இரண்டாம் படி. இவை தாமாகவும் கருவுறும், தேனீ வந்தால் அயல் மகரந்தத்தையும் ஏற்கும். சுரை, பீர்க்கை, பூசணி, பாகல் முதலிய கொடிகளும் தண்டுக்கீரை வகைகளும் மூன்றாம் படி. கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. கீரையின் மகரந்தமோ காற்றிலேயே பறக்கும்.

புதியவர்கள் பலர் சுரையில் தொடங்குகிறார்கள், ஒரே காயில் நூற்றுக்கணக்கான விதை கிடைக்கிறது என்பதற்காக. மறு ஆண்டு குடுவையும் நீளமுமாகக் காய்கள் கலந்து வரும்போதுதான் தெருக்கோடியில் இன்னொரு சுரைப்பந்தல் இருந்தது தெரிய வருகிறது. அதே சமயம், புடலையும் பீர்க்கையும் அருகருகே இருந்தால் கலந்துவிடுமோ என்ற அச்சம் தேவையற்றது. சுரை சுரையோடுதான் கலக்கும், புடலை புடலையோடுதான் கலக்கும்.

2. தாய் விதையின் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள்

விதைப்பயிருக்காக நாம் முதலில் விதைக்கும் விதையே தாய் விதை. அதைத் தருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எத்தனை ஆண்டுகளாக அவர் இதை வளர்க்கிறார், கடைசியாக எத்தனை செடிகளிலிருந்து எடுத்தார், பக்கத்தில் அதே பயிரின் வேறு ரகம் இருந்ததா. இவற்றுக்கு விடை கிடைக்காத விதையை ஓராண்டு வளர்த்துப் பார்த்த பின்னரே விதைப்பயிராக்க வேண்டும்.

பொட்டலத்தில் ‘எஃப்1’ என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. அதன் அடுத்த தலைமுறை பெற்றோரின் குணங்களாகப் பிரிந்து வரும். ஒரு கடையில் ‘நாட்டுத் தக்காளி’ என்று கொடுத்த விதையிலிருந்து நான் விதை எடுத்து வளர்த்தபோது, 12 செடிகளில் நான்கு வடிவப் பழங்கள் வந்தன. ஓர் ஆண்டு உழைப்பு வீணாயிற்று. இளஞ்சிவப்பு, நீலம் போன்ற சாயம் பூசிய விதை பூசணக்கொல்லி இட்டது என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

கையில் கிடைத்த விதை முழுவதையும் ஒரே முறையில் விதைத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை உலர்த்தி எடுத்து வைத்தால், ஒரு பெருமழையோ குரங்கோ பயிரை அழித்தாலும் ரகம் கையில் இருக்கும்.

3. அறுவடை மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள்

நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் முற்றும் காய் செடியிலேயே பூசணம் பிடிக்கும், இல்லையென்றால் விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடும். ஆகவே விதை முற்றும் காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அமையுமாறு விதைப்பை வைத்துக்கொள்ள வேண்டும்.

வெண்டை விதைத்த 40 முதல் 45 நாளில் பூக்கும். பூத்த பின் விதை முற்ற 30 முதல் 35 நாள் ஆகும். டிசம்பர் கடைசியில் விதைத்தால் மார்ச் இறுதியில் காய்ந்த காய் கைக்கு வரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் நவம்பரில் நிழலிலும் மழை மறைப்பிலும் நாற்று விட்டு, மழை ஓய்ந்ததும் நடலாம்.

பந்தல் அவரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும் என்பதால் ஆடியில்தான் போட வேண்டும். முதலில் வரும் காய்களைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, மார்கழிக் கடைசியிலும் தையிலும் வரும் காய்களை விதைக்கு விட வேண்டும். நெல்லிலும் நீண்ட காலச் சம்பா ரகங்கள் பல அப்படித்தான். அவற்றை நவரைக்கு (டிசம்பர், ஜனவரியில் விதைக்கும் பருவம்) மாற்ற முயன்றவர்கள் வெறும் வைக்கோலைப் பார்த்திருக்கிறார்கள். பூங்கார், குள்ளக்கார் போன்ற குறுகிய கால ரகங்களில்தான் பருவத்தை மாற்றிப் பார்க்க இடமுண்டு.

விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பூசண நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து நிழலில் ஆற வைத்தால், நாற்றழுகல் குறையும். நெல்லாக இருந்தால் அதற்கும் முன்பாக உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்க வேண்டும்: தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, நல்ல முட்டை ஒன்று பழைய 25 காசு நாணய அளவுக்கு மேலே தெரியும்படி மிதக்கும்போது கரைசல் பதம். மிதக்கும் நெல்லை அகற்றிவிட்டு, அமிழ்ந்ததை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பே முளைப்பைக் கெடுக்கும்.

4. செடிகளின் எண்ணிக்கையையும் விலகு தூரத்தையும் தீர்மானியுங்கள்

ஒரே செடியிலிருந்து எடுத்த விதை, அந்த ரகத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே சுமக்கிறது. தன்மகரந்தப் பயிர்களில் குறைந்தது 10 செடிகளிலிருந்தும், கத்தரி, மிளகாய், வெண்டையில் 20 செடிகளிலிருந்தும் விதை சேர்ப்பது நல்லது. கொடிகளில் 5 செடிக்குக் கீழே இறங்கக் கூடாது. கீரையில் 50 செடியாவது வேண்டும்.

மாடியில் இத்தனைக்கு இடம் இருக்காது. நான்கு வீட்டார் சேர்ந்து, ஒரே தாய் விதையை ஆளுக்கு ஐந்து செடியாக வளர்த்து, கடைசியில் விதைகளைச் சம அளவில் கலந்து பகிர்ந்துகொள்வதே நான் கண்ட வழிகளில் நடைமுறைக்கு உகந்தது. அப்போது அந்த நால்வரும் அந்தப் பயிரில் வேறு ரகம் வளர்ப்பதில்லை என்ற உடன்பாடும் வேண்டும்.

விதைச் சான்றளிப்பு விதிகளில் விலகு தூரம், அதாவது அதே பயிரின் வேறு ரகத்திலிருந்து விட வேண்டிய இடைவெளி, நெல்லுக்கு 3 மீட்டர்; தக்காளிக்கு 25 முதல் 50 மீட்டர்; சுரை, பூசணி போன்ற கொடிகளுக்கு 500 முதல் 1000 மீட்டர். மீஞ்சூர் வயலில் நெல்லுக்கு மூன்று மீட்டர் விடுவது எளிது. கொளத்தூரிலோ தண்டையார்பேட்டையிலோ அரை கிலோமீட்டர் சுற்றளவில் வேறு பூசணி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே தூரத்தின் வேலையைப் பையும் நூலும் செய்ய வேண்டும்.

5. பூவைக் காப்பிடுங்கள்

வெண்டையில், நாளைக் காலை விரியப்போகும் மொட்டைச் சாயங்காலமே அடையாளம் காணலாம். புல்லிதழைப் பிளந்துகொண்டு இளமஞ்சள் நுனி எட்டிப் பார்க்கும். அந்த மொட்டுக்கு வெண்ணெய்த்தாள் உறையோ சிறு பருத்தித் துணிப் பையோ மாட்டி, காம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம்; உள்ளே வியர்த்து மகரந்தம் கெட்டுவிடும். மறுநாள் மாலை பூ சுருங்கிய பிறகு உறையைக் கழற்றி, அந்தக் காம்பில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட வேண்டும். நூல் கட்டாமல் விட்ட காயை வீட்டில் உள்ளவர்கள் சாம்பாருக்குப் பறித்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூவுக்குப் பூ உறை மாட்டுவது ஆகாத வேலை. பழைய கொசுவலையைக் குச்சிகள்மேல் விரித்துச் செடிகளை முழுதாக மூடிவிட்டு, தினமும் காலையில் தண்டை விரலால் சுண்டிவிடுங்கள். தேனீ உள்ளே வராததால், அது செய்யும் அதிர்வை நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுண்டாவிட்டால் பிஞ்சு குறைவாகவே பிடிக்கும்.

கொடிகளில் கை மகரந்தச் சேர்க்கைதான் வழி. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு மெல்லிய காம்பு மட்டும். பூசணியில் மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டு இரண்டையும் பெண் மொட்டு ஒன்றையும் மாலையிலேயே நூலால் கட்டி, காலை ஆறு மணியிலிருந்து ஏழுக்குள் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடி முழுவதும் படுமாறு மெதுவாகத் தடவுங்கள். பிறகு பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் நூல் போடுங்கள். ஆண் பூவை வேறொரு கொடியிலிருந்து எடுப்பது நல்லது, ரகத்தின் வீரியம் தங்கும்.

இங்கே நேரம் தவறுகிறவர்கள் அதிகம். சுரை, பீர்க்கை, புடலை ஆகியவை மாலையில் மலர்பவை. இவற்றின் மொட்டுகளைப் பிற்பகல் மூன்று மணிக்கே கட்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் சேர்க்கை செய்ய வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பூ வாடியிருக்கும், அதற்குள் அந்துப்பூச்சியும் வேலையை முடித்திருக்கும்.

6. கலவன்களை நீக்குங்கள்

பூக்கும் முன், பூக்கும்போது, காய்க்கும்போது என மூன்று தடவை பயிரைச் சுற்றி வர வேண்டும். இலை வடிவம், தண்டின் நிறம், முள், பூவின் நிறம் ஆகியவற்றில் தெளிவாக வேறுபடும் செடியை மகரந்தம் கொட்டும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். நெல்லில் உயர்ந்து நிற்பவை, முன்கூட்டிக் கதிர் விடுபவை, மீசை உள்ளவை கண்ணில் படும்.

தேமல் நோய் கண்ட காராமணி, தேமல் கண்ட தக்காளி, கருவளையப் புள்ளி விழுந்த மிளகாய்ப் பழம் ஆகியவற்றிலிருந்து விதை எடுக்கக் கூடாது. இவை விதை வழியே அடுத்த பயிருக்குப் போகக்கூடியவை. சுரையில் நுனியைச் சிறிது நறுக்கி நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். அந்தக் காயை உண்ணவும் கூடாது, அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்கவும் கூடாது. கசப்புச் சுரை உடலுக்கு நஞ்சு.

செடியை முதலில் தேர்ந்தெடுத்து, அதன்பின் காயைத் தேர்ந்தெடுங்கள். நோஞ்சான் செடியில் தப்பித் தவறி வந்த ஒரு பெரிய காயைப் பார்த்து மயங்குவது எளிது. அதன் விதை அந்தச் செடியின் குணத்தைத்தான் கொண்டுசெல்லும்.

அதே நேரத்தில் எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்று வெட்டித் தள்ளாதீர்கள். நாட்டு ரகத்துக்குள் உயரத்திலும் பூக்கும் நாளிலும் சிறு வேறுபாடுகள் இயல்பு. மழை தவறும் ஆண்டில் சில செடிகளாவது பிழைப்பது அந்த வேறுபாட்டால்தான் என்பதால், கலப்பென்று உறுதியாகத் தெரிவதை மட்டுமே நீக்க வேண்டும் என்பது என் கருத்து.

7. சமையல் பதத்தைத் தாண்டி முற்ற விடுங்கள்

சமையலுக்கு ஏற்ற கத்தரிக்காயில் உள்ள விதை முளைக்காது. ஊதாவும் பச்சையும் போய்ப் பழுப்பு மஞ்சளாகிக் காய் தொய்யும்வரை, அதாவது பூத்ததிலிருந்து சுமார் 50 நாள், செடியிலேயே நிற்க வேண்டும். வெண்டை காய்ந்து, வரிகளில் வெடிப்பு தெரியும்போது பறிக்கலாம். சுரையும் பீர்க்கையும் குலுக்கினால் விதை ஆடும் ஓசை கேட்க வேண்டும். தக்காளியும் மிளகாயும் நன்கு சிவந்து பழுத்தால் போதும்.

செடியில் விதைக்காய் நிற்கும்போது புதுப் பிஞ்சு பிடிப்பது குறையும். ஒரு வெண்டைச் செடியில் ஐந்தாறு காய்களுக்கு மேல் விதைக்கு விடாமல், கடைசிக் காய்களைத் தவிர்த்து, நடுவில் பிடித்தவற்றையே விடுங்கள்.

8. பிரித்தெடுங்கள்

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுப்பது. பழத்தைப் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல், கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி வைத்துப் புளிக்க விடுங்கள். நம் ஊர் வெயிலில் 24 மணி நேரம் போதும். குளிர்ப் பிரதேசத்தாரின் கணக்கை நம்பி மூன்று நாள் வைத்தவர்களின் விதை பாத்திரத்திலேயே வெள்ளை வேர் விட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். புளித்ததும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும்.

கத்தரிப் பழத்தைத் துணிப் பையில் இட்டுத் தட்டிக் கூழாக்கி, தண்ணீரில் அலசினால் விதை தனியாக அமிழும். வெண்டை, அவரை, காராமணியை உரித்தாலே போதும்.

நெல்லில் கலப்பு வயலைவிடக் களத்தில்தான் அதிகம் நேர்கிறது. அறுவடை இயந்திரத்துக்குள் முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கும். செங்குன்றம் பக்கத்து மண்டிகளிலிருந்து திரும்பி வரும் சாக்கின் தையலிலும் சில மணிகள் ஒட்டியிருக்கும். விதைக்கென்று ஒதுக்கிய பாத்தியைக் கையால் அறுத்து, சுத்தமான தார்ப்பாயில் முதல் ஆளாக அடித்து, தலையடியில் உதிரும் நெல்லை மட்டும் விதைக்கு எடுங்கள். நன்கு முற்றிய மணிதான் முதல் அடியில் விழும். சாக்கு புதிதாக இருக்கட்டும்.

9. உலர்த்துங்கள்

வடசென்னையில் நல்ல விதை கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் பகலில் காய்ந்த விதை இரவில் ஈரக்காற்றை உறிஞ்சி, காலையில் பழைய நிலைக்கே வந்துவிடும். பத்து நாள் காய வைத்தேன் என்பவரின் விதை உண்மையில் ஒரே நாளைப் பத்து முறை காய்ந்திருக்கும்.

ஈரமாக எடுத்த தக்காளி, கத்தரி விதையை முதல் நாள் நிழலில், காற்றோட்டத்தில், மண் தட்டிலோ பீங்கான் தட்டிலோ பரப்புங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது தோல் கிழியும். இரண்டாம் நாளிலிருந்து காலை 8 முதல் 12 வரையும், பிற்பகல் 3 முதல் 5 வரையும் வெயிலில் வையுங்கள். உச்சி வெயிலில் தளத்தின் சூடு கரு முளையைச் சுட்டுவிடும் என்பதால் இடையில் எடுத்துவிட வேண்டும். எவர்சில்வர் தட்டும் கூடாது. முறமோ பருத்தித் துணியோ நல்லது.

ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடமும் வெளியில் விடாதீர்கள். சூடு ஆறியதும் இறுக மூடும் டப்பாவில் போட்டு, மறுநாள் காலை திறந்து மீண்டும் பரப்புங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் சிறு விதைகளுக்கு மூன்று நான்கு நாளும், அவரை, பூசணி போன்றவற்றுக்கு ஒரு வாரமும் போதும்.

காய்ந்ததா என்று பார்க்க, பூசணி விதையை விரல்களால் வளையுங்கள். வளையாமல் ‘டக்’கென்று உடைய வேண்டும். அவரையைப் பல்லால் கடித்தால் தடம் பதியக் கூடாது. நெல்லுக்கு உப்புச் சோதனை உதவும்: வறுத்து ஆறிய தூள் உப்பையும் நெல்லையும் உலர்ந்த பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் விட்டால், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் மிகுதி. ஒட்டவில்லை என்பதால் சேமிப்புப் பதம் வந்துவிட்டதாகப் பொருளில்லை. இன்னும் இரண்டு நாள் காயட்டும். சேமிக்கும் நெல் 13 விழுக்காட்டுக்கும், காய்கறி விதை 8 விழுக்காட்டுக்கும் மேல் ஈரம் கொண்டிருக்கக் கூடாது.

அந்த 8 விழுக்காட்டைக் கடற்கரையோரம் வெயிலால் மட்டும் எட்டுவது கடினம். விதையின் எடையைப் போல் இரு மடங்கு அரிசியை வாணலியில் பொன்னிறமாக வறுத்து, சூட்டோடு மூடி ஆற வைத்து, பாட்டிலின் அடியில் கொட்டி, அதன்மேல் துணிப் பையில் கட்டிய விதையை வைத்து இறுக மூடுங்கள். ஒரு வாரத்தில் அரிசி மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் நிலைபெற்ற கணக்கு. அதனால் இந்த ஒரு வாரத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

10. சேமியுங்கள்

ரப்பர் வளையம் உள்ள சிறு கண்ணாடிப் பாட்டில்களே போதும். ஒரே பெரிய பாட்டிலில் எல்லாவற்றையும் வைத்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லா விதைக்கும் ஈரக்காற்று படும்.

பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடுகிறது. வெளியே சுத்தமாகத் தெரியும் காராமணியிலும் அவரையிலும் ஒரு மாதத்தில் துளைகள் தோன்றுவது அதனால்தான். நன்கு காய்ந்த பயறு விதையைப் பாட்டிலோடு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். காயாத விதையை அங்கே வைத்தால் விதையே சாகும். வெளியே எடுத்த பாட்டிலை ஒரு நாள் முழுவதும் திறக்காதீர்கள். குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும். உறைபெட்டி இல்லாதவர்கள் வசம்புத் தூளோ சலித்த அடுப்புச் சாம்பலோ கலந்து வைக்கலாம்.

பெயர்ச் சீட்டைப் பென்சிலால் எழுதி ஒன்றைப் பாட்டிலுக்கு உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வையுங்கள். பேனா மை இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

11. முளைப்பைச் சோதியுங்கள்

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு 100 விதையை, குறைவாக இருந்தால் 20 விதையையாவது, ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். சான்று விதைக்கு எதிர்பார்க்கப்படும் குறைந்த அளவு நெல்லுக்கு 80, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 விழுக்காடு. அதற்குக் கீழே போனால் இந்தப் பருவத்திலேயே அதை விதைத்துப் புதுப்பிக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் ரகம் போய்விடும்.

மீஞ்சூர் சுற்றுப்பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பதால், அங்கே இரண்டு துணிகளில் சோதிப்பது பயன் தரும்: ஒன்றை நல்ல தண்ணீரிலும் மற்றொன்றை உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் நனையுங்கள். இரண்டிலும் குறைந்தால் விதையில் கோளாறு. இரண்டாவதில் மட்டும் குறைந்தால் நாற்றங்காலுக்கு வேறு தண்ணீர் தேட வேண்டும்.

12. பகிருங்கள்

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரும் சீட்டும் இட்டு விற்பதற்கு மட்டும் அதில் தடை உண்டு. ‘இயற்கை விளைபொருள்’ என்று சான்றோடு விற்க விரும்பினால், ஐந்து உழவர்களாவது சேர்ந்து, உழவர்களே ஒருவர் பண்ணையை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையில் குழு அமைக்கலாம்.

ஒவ்வொரு ரகத்தையும் வேறு வேறு பகுதிகளில் உள்ள இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். உங்கள் தெருவில் வெள்ளம் புகுந்தால் அவர்கள் தெருவும் சேர்ந்து மூழ்கக் கூடாது. பொட்டலத்தின்மேல் ரகத்தின் பெயர், யாரிடமிருந்து வந்தது, எத்தனை செடிகளிலிருந்து எந்த மாதம் எடுத்தது, பூவுக்குக் காப்பிட்டதா இல்லையா, கடைசிச் சோதனையில் நூற்றுக்கு எத்தனை முளைத்தது என ஐந்தையும் எழுதுங்கள். காப்பிடாமல் எடுத்திருந்தால் ‘காப்பிடவில்லை’ என்றே எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் அதை ஓராண்டு தனியாக வளர்த்துப் பார்த்துக்கொள்வார்.